பங்குனி ஏரியில் விடைபெறும் விருந்தினர்

விருந்தோம்பலைப் பேசவந்த வள்ளுவர், விடைபெற்றுச் செல்லும் விருந்தினரை முதலில் வைத்தார். இனி வரப்போகும் விருந்தினரை அடுத்தே வைத்தார். வந்தவரை முகமலர்ந்து வரவேற்பது எளிது. செல்பவரை வழிக்கு உணவளித்து, மனம் நிறைந்து அனுப்பிவைப்பதே அரிது. இந்த உண்மை மனித விருந்தினர்க்கு மட்டுமன்றி, ஆண்டுதோறும் நம் ஏரிகளை நாடிவரும் சிறகு விருந்தினர்க்கும் பொருந்தும் என்பதைச் சென்ற பங்குனித் திங்களின் ஒரு நாள் எமக்கு உணர்த்தியது. அந்நாளில் கண்டவற்றையும், கண்டவற்றின் பின்னே நிற்கும் அறிவியலையும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலசை என்பது யாது?

பருவம் மாறும்போது பறவைகள் ஓரிடம் விட்டு நெடுந்தொலைவிலுள்ள மற்றோரிடத்துக்குச் சென்று, மீண்டும் பழைய இடத்துக்கே திரும்புவதை வலசை போதல் என்கிறோம். சைபீரியா, நடு ஆசியா, இமயமலைச் சாரல் ஆகிய வடபுலங்களில் குளிர்காலம் தொடங்கியதும் நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன; பூச்சிகள் மறைகின்றன; உணவு அற்றுப்போகிறது. எனவே அங்கு வாழும் பறவைகள் புரட்டாசி முதலே தெற்கு நோக்கிப் புறப்பட்டு நம் நாட்டை அடைகின்றன. மாசி, பங்குனித் திங்கள்களில் அவை மீண்டும் வடக்கே திரும்புகின்றன.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்துதல் நன்று. வேடந்தாங்கலில் மரங்களின்மேல் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் முதலியவற்றையும் வெளிநாட்டுப் பறவைகள் என்றே பலர் எண்ணுகின்றனர். அவை நம் நாட்டுப் பறவைகளே. மழையையும் மீனையும் தேடி உள்நாட்டிலேயே இடம் பெயர்பவை. உண்மையில் தொலைநாட்டிலிருந்து வரும் உள்ளான்களும் வாலாட்டிகளும் வாத்துகளும் இங்கே கூடு கட்டுவதில்லை. உண்டு, உறங்கி, குளிர்காலத்தைக் கழித்து, திரும்புவதற்கான வலிமையைச் சேர்த்துக்கொள்வதே அவை இங்கு செய்யும் பணி. அவை பிறக்கும் வீடு வடக்கே. பிழைக்கும் வீடு தெற்கே.

மேலை நாடுகளில் மார்ச்சுத் திங்கள் வசந்தத்தின் தொடக்கம். பறவைகள் வந்து சேரும் காலம் அது. ஆகவே அங்குள்ளோர்க்கு அது வரவேற்பு விழா. நமக்கோ அது பின்பனியின் இறுதி. பறவைகள் நம்மை விட்டுப் புறப்படும் காலம். ஐப்பசி, கார்த்திகையில் அவை வரும்போது செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பங்குனியில் அவை போகும்போது எவரும் எழுதுவதில்லை. ஆயினும், பறவை நோக்குவோர்க்குப் பங்குனியைப்போல் பயன்மிக்க பருவம் பிறிதொன்றில்லை எனலாம். அதற்கான காரணத்தை மேலே காண்போம்.

கீழ்பென்னாத்தூர்ப் பயணம்

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் மணிலாக் கொல்லைகளும் நெல்வயல்களும் ஏரிகளும் நிறைந்த பகுதி. ஆற்றுப் பாசனத்தைவிட ஏரியையும் கிணற்றையும் நம்பியே இங்கு உழவு நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, தை முதல் சிறிது சிறிதாக வற்றத் தொடங்கிப் பங்குனியில் பாதியாகிவிடும்.

எம் மாணவருள் ஒருவர் கீழ்பென்னாத்தூரை அடுத்த சிற்றூரினர். “ஐயா, எங்கள் ஏரியில் இப்பொழுது தண்ணீரும் குறைவு, பறவைகளும் குறைவு, ஐப்பசியில் வந்திருக்கலாமே” என்று அவர் தயங்கினார். பங்குனியில்தான் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தி, மாணவர் மூவருடன் விடியற்காலை முதற் பேருந்தில் புறப்பட்டேன். எங்களிடம் இருந்தவை ஒரே ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, நான்கு பொட்டலம் இட்டலி. பறவை நோக்க வேறு செல்வம் தேவையில்லை.

தலையில் எழுதிய முகவரி

ஏரிக்கரையை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. மேற்கே அண்ணாமலை நீலநிழலாய் நின்றது. கரையோர மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் நெருக்கமாக அமர்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் இருபது கிராமுக்கு மேற்படாத எடையுடையது. நம் சட்டைப்பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. கம்பியில் இவ்வாறு கூட்டமாகக் கூடுவது புறப்பாட்டுக்கு முன்னறிகுறி என்று மாணவர்க்குச் சொன்னேன்.

நீர் வடிந்த உள்வாயில் முளைத்திருந்த பசும்புல்லில் மாடுகள் மேய்ந்தன. அவற்றின் குளம்படியில் எழும் பூச்சிகளைப் பிடிக்க மஞ்சள் வாலாட்டிகள் ஓடித்திரிந்தன. கார்த்திகையில் இப்பறவையைப் பார்த்தவர்க்கு அது மங்கிய பழுப்பும் வெளிறிய மஞ்சளும் கலந்த எளிய குருவியாகவே தோன்றும். ஒன்றுக்கொன்று வேறுபாடு காண்பது கடினம். ஆனால் திரும்பிச் செல்வதற்கு முன் அது பழைய இறகுகளை உதிர்த்துப் புத்தாடை பூணுகிறது. அன்று நாங்கள் கண்ட ஆண் பறவைகளின் வயிறு கடுகுப்பூ மஞ்சளாக ஒளிர்ந்தது. தலைகளோ வெவ்வேறு நிறத்தன. ஒன்றுக்குக் கருஞ்சாம்பல் தலை. மற்றொன்றுக்கு வெளிர்சாம்பல் தலையும் வெள்ளைப் புருவமும். தொலைவில் நின்ற ஒன்றுக்கு மை பூசியதுபோன்ற கருந்தலை.

இந்நிறங்கள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. அவை வெவ்வேறு கிளையினங்களின் அடையாளம். கருஞ்சாம்பல் தலையுடையது ஸ்காண்டினேவியாவின் வடபகுதி முதல் சைபீரியா வரையுள்ள ஈரநிலங்களில் கூடு கட்டுவது. வெள்ளைப் புருவமுடையது கசகசுத்தான் புல்வெளிகளைச் சேர்ந்தது. கருந்தலையன் பால்கன் பகுதி முதல் நடு ஆசியா வரை பரவியது. குளிர்காலமெல்லாம் ஒரே மந்தையின் பின்னால் ஒன்றாக மேய்ந்தவை, ஊர் திரும்பும் வேளையில் தத்தம் ஊர்ப்பெயரைத் தலையில் எழுதிக்கொள்கின்றன. “முகவரியைத் தலையில் எழுதி ஒட்டிய தபால்போல இருக்கிறதே, ஐயா” என்றார் ஒரு மாணவர். பங்குனியில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதன் காரணம் அவர்க்குப் புரிந்துவிட்டது.

அதேபோல், கருவேல மரத்தில் இரைச்சலிட்ட சூறைக்குருவிகளும் அன்று பளிச்சென்ற இளஞ்சிவப்பு மேனியுடன் விளங்கின. அவை இறகு உதிர்ப்பதில்லை. இறகு நுனியின் பழுப்பு விளிம்பு தேய்ந்து போவதால் உள்ளிருக்கும் நிறம் வெளிப்படுகிறது. நீர்ப்பரப்பின்மேல் பறந்த மீசை ஆலாக்களுக்கு வயிறு கறுக்கத் தொடங்கியிருந்தது. நடுநீரில் மிதந்த நீலச்சிறகி ஆண் வாத்தின் கண்ணுக்கு மேலே பிறைபோன்ற வெள்ளைக் கோடு துலங்கியது.

சேற்றில் விரித்த விருந்து

வெயில் ஏறியதும் நீர்விளிம்பை நோக்கினோம். நீருக்கும் உலர்ந்த தரைக்கும் இடையே ஈரச்சேறு ஒரு பட்டையாய் வளைந்து கிடந்தது. அங்கேதான் அன்றைய கூட்டம். பொரி உள்ளான், சாதாரண உள்ளான், பச்சைக்காலி, எலிக்குஞ்சுபோல் ஓடும் கொசு உள்ளான் ஆகியவை தலை நிமிராது சேற்றைக் குத்திக் குத்தி உண்டுகொண்டிருந்தன. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தபோது மட்டும் கூச்சலிட்டு எழுந்தன. அது கடந்ததும் மீண்டும் சேற்றில் இறங்கின. ஒரு மணி நேரம் பார்த்தும் ஓய்ந்து நின்றது ஒன்றுமில்லை.

இப்பெரும்பசிக்குக் காரணம் உண்டு. நெடும்பயணத்துக்கு எரிபொருள் கொழுப்பே. ஒரு கிராம் கொழுப்பு, அதே அளவு மாவுப்பொருளைவிட இரு மடங்குக்கும் மிகுதியான ஆற்றலைத் தருகிறது. எரியும்போது உடலுக்குச் சிறிது நீரையும் விடுகிறது. எனவே புறப்பாட்டுக்கு முந்தைய வாரங்களில் இப்பறவைகள் இடைவிடாது உண்டு தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்க்கின்றன. சிலவற்றின் எடை ஏறத்தாழ இரு மடங்காவதும் உண்டு. பட்டைவால் மூக்கன் என்னும் பறவை நீண்ட பயணத்துக்குமுன் இரைப்பை, குடல் முதலியவற்றையே சுருக்கிக்கொள்கிறது. வழியில் உண்ணப்போவதில்லை, ஆகவே அச்சுமை எதற்கு? 2022-இல் அவ்வினத்தின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தொலைவைப் பதினொரு நாட்களில் எங்கும் இறங்காது பறந்தது, அதன் உடலில் பொருத்திய கருவியால் பதிவாயிற்று.

புறப்படும் காலத்தை இவை எவ்வாறு அறிகின்றன? பகற்பொழுதின் நீளம் ஒரு குறிப்பு. கனடாவில் வில்லியம் ரோவன் என்னும் அறிஞர் 1920-களில் கூண்டுப் பறவைகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டிக் காட்டி, அவற்றின் உடலில் வசந்த மாற்றங்கள் குளிர்காலத்திலேயே தோன்றக் கண்டார். ஆனால் நம் பகுதியில் மார்கழிப் பகலுக்கும் பங்குனிப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. அச்சிறு குறிப்போடு, பறவையின் உடலுக்குள்ளேயே ஓராண்டுக் கடிகாரம் ஒன்றும் இயங்குகிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொரி உள்ளானின் கால் சில சென்டிமீட்டர் நீளமே. விரற்கடை ஆழமுள்ள நீரிலும் ஈரச்சேற்றிலும்தான் அதற்கு உணவு. ஏரி தளும்பி நிற்கும் ஐப்பசியில் அதற்கு இடம் குறைவு. நீர் மெல்ல மெல்ல இறங்கும் பங்குனியிலோ நாள்தோறும் ஒரு சாண் புதுச்சேறு வெளிப்படுகிறது. அதில் புழுவும் பூச்சியும் நத்தைக்குஞ்சும் நிறைந்துள்ளன. நேற்றைய இலையை எடுத்துவிட்டு இன்று புது இலை போடுவதுபோல் இவ்விருந்து தொடர்கிறது. “தண்ணீர் குறைவு” என்று மாணவர் வருந்தினாரே, அக்குறைவே பறவைகளுக்கு நிறைவு.

மதகடியில் ஓர் உரையாடல்

நண்பகலில் கருவேல நிழலில் அமர்ந்தோம். எதிர்ப்புதரில் பழுப்புக் கீச்சான் ஒன்று கரகரத்துக்கொண்டிருந்தது; நாணலுக்குள் கதிர்க்குருவி ஒன்று ‘செக், செக்’ என்று ஒலியெழுப்பிற்று. கீச்சான் வடகிழக்கு ஆசியாவிலிருந்து வருவது. ஆண்டுதோறும் அதே புதரைத் தேடி வந்து உரிமை கொண்டாடும் இயல்புடையது. மதகருகே மண்வெட்டியுடன் நின்ற முதியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சும் பொறுப்பைப் பல்லாண்டுகள் பார்த்தவர் அவர்.

“அந்தக் கத்துற குருவிதானே? அறுப்புக்கு முன்னாடி வரும், சித்திரை பொறந்தா இருக்காது. எங்க அப்பா காலத்துலயும் அந்தப் புதர்லதான் இருந்துச்சு” என்றார். எந்நூலும் படியாத அவர் சொன்னது அறிவியலோடு முற்றும் ஒத்திருந்தது.

எம் மாணவர் அவரிடம், ஏரியைத் தூர்வார ஊரில் பேச்சு நடப்பதையும், ஆழமாகத் தோண்டினால் சேற்றுப் பறவைகளுக்கு இடமிராது என்று தாம் இன்று கற்றதையும் கூறினார். முதியவர் முகம் சற்றே இறுகியது. “பறவை நல்லதுதான் தம்பி. ஆனா நவரை காய்ஞ்சு போனா பறவையா சோறு போடும்? பள்ளம் வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

அவர் கூற்றில் நியாயம் உண்டு. பறவையை வாழ்விக்க உழவனைப் பட்டினியிடும் அறம் அறமாகாது. ஆயினும் இரண்டுக்கும் இடமளிக்கும் வழி ஏரியின் அமைப்பிலேயே உள்ளது. ஏரி ஒரு தட்டையான தொட்டி அன்று. மதகும் கரையும் உள்ள பக்கம் ஆழம். நீர்வரத்து உள்ள மேற்பக்கம் மெல்லச் சரிந்து ஏறும் தரை. பாசனத்துக்கு உதவுவது கரையோர ஆழம். வண்டல் மிகுதியாகப் படிவதும் அங்கேதான். அப்பகுதியைத் தூர்வாரினால் நீர் பெருகும். மேற்பக்கச் சரிவையோ கிணறுபோல் செங்குத்தாக வெட்டாது சரிவாகவே விட்டால், அங்கே பரவும் மெல்லிய நீர் பாசனத்துக்குப் பெரும் இழப்பாகாது. பறவைகளுக்கோ அதுவே உயிர்நிலை. மேய்ச்சல் மாடுகளுக்கும் அச்சரிவே புல்வெளி.

இதனைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினோம். முதியவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மேவாய மாடு இறங்குற மாதிரி விடணும்னுதான் நாங்களும் சொல்லிக்கிட்டிருக்கோம், செங்குத்தா வெட்டுனா மாடு வுழுந்து சாவும்” என்றார். மாட்டுக்கு நல்லது பறவைக்கும் நல்லதாயிற்று. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்வதாக எம் மாணவரும் ஒப்புக்கொண்டார். அக்கூட்டம் என்ன முடிவு செய்யும் என்பது இனித்தான் தெரியும்.

பின்னர் அவர் மதகின் அடைப்பைச் சிறிது தூக்கினார். வாய்க்காலில் நீர் ஓடியது. அப்போதுதான் எமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. நாள்தோறும் ஏரி நீரை அளவாக இறக்கிப் புதுச்சேற்றை வெளிப்படுத்துவது இயற்கை மட்டுமன்று. மதகு திறக்கும் இக்கையுமே. வடதுருவம் வரை செல்லும் பறவைக்குக் கட்டுச்சோறு கட்டித் தருபவர், தாம் அவ்வாறு செய்வதை அறியாமலே செய்யும் கீழ்பென்னாத்தூர்ப் பகுதி உழவர்.

மனிதன் அறிந்த வரலாறு

இப்பறவைகள் எங்கே போகின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. தகைவிலான்கள் குளிர்காலத்தில் பொந்துகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன என்று கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். 1822-இல் செருமனியின் கிளூட்ஸ் என்னும் சிற்றூரில் கிடைத்த செங்கால் நாரையின் கழுத்தில், நடு ஆப்பிரிக்க மக்களின் ஈட்டி ஒன்று தைத்திருந்தது. அப்பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

1899-இல் டென்மார்க்கின் வீபோர் நகரப் பள்ளி ஆசிரியரான மார்ட்டென்சன், அலுமினிய வளையத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து மைனா இனப் பறவைகளின் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். வளையமிடும் முறை அவரால் அறிவியல் நெறியாயிற்று. நம் நாட்டில் 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியை ஏற்றது. 1960-களில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) தலைமையில் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. சிறுவயதில் தாம் வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, அதன் பெயரறிய அக்கழகத்தின் படியேறியதே தம் வாழ்வின் திருப்பம் என்று அவர் தன் வரலாற்றில் குறித்துள்ளார். ஒரு சிறுவனின் ஐயம் ஒரு நாட்டின் பறவையியலாக வளர்ந்தது. நம் கோடியக்கரையும் வளையமிடும் ஆய்வுக்குப் பேர்பெற்ற இடமாகும்.

இன்று வளையத்துக்குத் துணையாகச் செயற்கைக்கோள் கருவிகள் வந்துள்ளன. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தின் இனம், இமயத்தைக் கடக்கையில் 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பது இக்கருவிகளால் தெரியவந்தது. நாகாலாந்தில் 2012-இல் அமுர் வல்லூறுகள் பெருந்திரளாக வலையில் கொல்லப்பட்ட செய்தி உலகை உலுக்கியது. மறு ஆண்டே ஊர்மக்கள் ஒன்றுகூடி வேட்டையை நிறுத்தினர். அவ்வாண்டு கருவி பூட்டிய மூன்று வல்லூறுகளுக்கு நாகா, பாங்டி, வோக்கா என்று அம்மண்ணின் பெயர்களே சூட்டப்பட்டன. சட்டம் செய்ய இயலாததை ஓர் ஊரின் மனமாற்றம் செய்தது.

வழியறியும் திறன்

வழியை எவ்வாறு அறிகின்றன? பகலில் கதிரவனின் நிலையைக்கொண்டு திசை அறிவதை செருமானிய அறிஞர் குஸ்டாவ் கிராமர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். கோளரங்கின் செயற்கை வானத்தில் விண்மீன்களை மாற்றியமைத்து, பறவைகளும் அதற்கேற்பத் திசை மாறுவதை 1967-இல் அமெரிக்க அறிஞர் எம்லன் வெளியிட்டார். மேகம் மூடிய வானிலும் புவியின் காந்தப்புலத்தை உணரும் ஆற்றல் பறவைக்கு உண்டு என்பதை வில்ட்ஷ்கோவின் சோதனைகள் நிறுவின. கதிரவன், விண்மீன், காந்தம் ஆகிய மூன்று ஆசிரியர்களிடம் கற்ற மாணவனே வலசைப் பறவை எனலாம்.

தமிழ்ப் புலவர் கண்டது

தமிழ்த்துறையினராகிய நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியும் இதில் உண்டு. கோப்பெருஞ்சோழனைக் காணாமலே நட்புப் பூண்ட பிசிராந்தையார், புறநானூற்றுப் பாடலொன்றில் அன்னத்தை விளித்துப் பேசுகிறார். அவ்வன்னம் குமரித் துறையில் அயிரை மீனை உண்டு, வடமலை நோக்கிச் செல்வது. இடையே சோழநாட்டில் தங்கிச் செல்ல வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரும், தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடமே தம் வறுமையைச் சொல்லி மனைவிக்குத் தூது விடுகிறார். அது தம் ஊர்க் குளத்தில் தங்க வேண்டும் என்கிறார்.

இரு பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் பறவை செல்லும் திசை வடக்கு. இரண்டிலும் இடையே ஒரு தங்கல் உண்டு. பிசிராந்தையாரின் பறவை, புறப்படும் முன் வயிறார உண்கிறது. பயணத்துக்குமுன் உணவு, இடைவழியில் தங்குமிடம், இறுதியில் வடபுலம் ஆகிய மூன்றும் இன்றைய வலசை ஆய்வின் அடிப்படைக் கூறுகள். புலவர்கள் அறிவியல் நூல் எழுத முனைந்தாரல்லர். எனினும், நீர்த்துறையில் நின்று கண்ணால் கண்டவர்களாலன்றி இவ்வாறு பாட இயலாது.

காக்கும் கடமை

இந்திய நாட்டுப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வெளிவந்த அறிக்கை, நீண்டகாலப் போக்கினை மதிப்பிட முடிந்த 338 இனங்களுள் 204 இனங்கள் குறைந்துவருவதாகக் கூறுகிறது. நெடுந்தொலைவு வலசை வரும் கரைப்பறவைகள் மிகுதியாகக் குறைந்தவற்றுள் அடங்கும். ஈரநிலங்கள் சுருங்குவதும், கழிவு கலப்பதும், பயிருக்கு அடிக்கும் நஞ்சும், கண்ணியும் வலையும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்பே வழிகாட்டியவர்கள் வேடந்தாங்கல் மக்கள். துப்பாக்கியால் பறவைகளைச் சுட்ட ஆங்கிலப் படையினர்மேல் அவர்கள் முறையிட, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர்.

மாணவர் செய்யக்கூடியதும் உண்டு. பறவையின் பெயர், எண்ணிக்கை, இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே ஆய்வின் முதற்படி. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். பொங்கலில் எண்ணியவற்றைப் பங்குனியிலும் எண்ணினால், எவை எப்போது புறப்பட்டன என்பது தானே விளங்கும்.

அந்திப் புறப்பாடு

பொழுது சாய்ந்தது. அண்ணாமலையின் பின்னே கதிரவன் மறைய, ஏரி செம்பு நிறமாயிற்று. நாள் முழுதும் தலைநிமிராத பொரி உள்ளான்கள் இப்போது உண்பதை நிறுத்தி, நீரில் குளித்துச் சிறகு கோதின. சட்டென ஒன்று குரல் கொடுத்தது. வேறு சிலவும் குரல் கொடுத்தன. பன்னிரண்டு பறவைகள் ஒன்றாக எழுந்தன. ஏரியை ஒருமுறை சுற்றின. மேலே மேலே ஏறின. பின் வடக்கு நோக்கித் திரும்பின. பைனாகுலரில் புள்ளிகளாகி மறையும் வரை நால்வரும் பேசவில்லை. உள்ளான்கள் பெரும்பாலும் அந்தியில் புறப்பட்டு இரவில் பறப்பவை. அவை அடுத்த ஏரிக்குத்தான் சென்றனவோ, நெடும்பயணத்தையே தொடங்கினவோ, உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் எம் மாணவர் தம் குறிப்பேட்டில், “மாலை 6.40, பொரி உள்ளான் 12, வடக்கே” என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் முதியவர் மதகை அடைத்துக்கொண்டிருந்தார். “போயிடுச்சா?” என்று கேட்டார். போய்விட்டன என்றோம். “ஐப்பசியில வரும், பாருங்க” என்றார்.

வரும். மேற்பக்கச் சரிவும், அதில் மெல்லிய நீரும், ஈரச்சேறும் இருக்குமானால் வரும். சென்ற விருந்தை நிறைவாக அனுப்பிய வீட்டுக்கே வரும் விருந்து தேடிவரும் என்பது வள்ளுவர் வகுத்த இல்லறம். அது ஏரிக்கும் உரிய அறமாகும்.